நாலு வாய் சுத்தி வந்த சேதி

கண்ண மூடிக்கிடுங்கம்மா. போன அந்தப் பக்கம் வச்சிருங்க, அது எங்கயும் ஓடிராது. இமைய உங்க விரலாலயே லேசா மேல இழுத்துப் பிடிங்க. ஆங், அப்படித்தான். புருவத்துல நூல் இழுக்கும்போது வலிச்சா சொல்லுங்க. சொன்னாலும் நிறுத்த மாட்டேன், ஆனா சொல்லுங்க.

சென்னையிலருந்தா? கல்யாணத்துக்கு வந்திருக்கீங்களா? நல்லது, நல்லது. உள்ள வரும்போது ஒரு சேதிய வாசிச்சுக்கிட்டே வந்தீங்களே, ஏதோ பன்னீர்ல பிளாஸ்டிக்கு கலக்காங்கன்னு, அத யாருக்கும் அனுப்பிட்டீங்களா? இல்லையா? பிழைச்சீங்க. அது மெய்யா பொய்யான்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கதாலதான் அனுப்பாதீங்கன்னு சொல்லுதேன். இந்தத் தெருவுல யாரு போனுக்கு என்ன வந்தாலும் இப்ப எங்கிட்டதான் கேக்காங்க. "செல்வியக்கா, இது நெசமா?"ன்னு. பெரிய ஆளாயிட்டேன் பாத்துக்கிடுங்க. முஃபீதான்னு ஒரு பிள்ளைய நான் காப்பாத்துன கதை தூத்துக்குடி பூரா தெரியும். உங்களுக்குத் தெரியாதுல்லா, சொல்லுதேன்.

அந்த மூலையில ஒரு துண்டு காயுது பாத்தீங்களா? ஐயோ, கண்ணத் திறக்காதீங்கம்மா! அப்புறம் பாருங்க. அங்ஙனதான் முஃபீதா உக்காந்திருப்பா. மெஹந்தி போடுத பிள்ளை. வாப்பா இல்ல, உம்மா மட்டுந்தான். கெமிஸ்ட்ரி படிச்சிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கிட்டு இருந்தா. மருதாணிப் பொடி, எலுமிச்சம்பழம், சீனி, கொஞ்சம் நீலகிரித் தைலம், அவ்ளோதான், எல்லாத்தையும் கலந்து வீட்லயே கோன் செய்வா. நான்தான் "இங்ஙன வந்து உக்காரு பிள்ள, எனக்கு வார ஆளு உனக்கும் வரும்"னு இடம் குடுத்தேன். கை வேலைன்னா கை வேலை, அப்படி ஒரு கை. உள்ளங்கையில ஒரு மயில் போட்டான்னா, அது நம்மளத் திரும்பிப் பாக்கும்.

இதுல எனக்கு ஒரு சின்ன வருத்தம். பெரிசா ஒண்ணும் இல்ல. எதிர்த்த தெருவுல ஒரு டாக்டரம்மா மகளுக்குக் கல்யாணம். மேக்கப்புக்கு யாரோ மதுரைக்காரிய வரச் சொல்லிட்டாங்க, மெஹந்திக்கு மட்டும் முஃபீதாவ நேரா வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. என் கடையில உக்காந்திருக்க பிள்ளை, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கூப்பிட்டாங்க. அவளும் "போயிட்டு வாரேங்க்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டா. நான் ஒண்ணும் நினைக்கல. சத்தியமா ஒண்ணும் நினைக்கல.

அது ஆவணி மாசம், முகூர்த்தம் மேல முகூர்த்தம். ஒரு நாளு காலையில டெய்சி ஒரு சேதி அனுப்புதா. டெய்சின்னா எங்க சர்ச்சு பாட்டுக்குழுவுல பாடுத பிள்ளை. ஒரு போட்டோ. ஒரு பொம்பளை கை, மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிஞ்சு, கொப்புளம் கொப்புளமா, பாக்கவே ஈரக்கொலை நடுங்கும். கீழ எழுதியிருக்கு: "எச்சரிக்கை! தூத்துக்குடியில் வீட்டில் செய்த மருதாணிக் கோன் போட்ட பெண்ணின் கை வெந்துவிட்டது. வீட்டில் செய்யும் கோன்களை வாங்க வேண்டாம். பெண் பிள்ளைகள் வைத்திருக்கும் அனைவருக்கும் பகிரவும்."

எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக. மனசு கேக்குமா? உடனே நாலு குரூப்புக்குத் தட்டி விட்டேன். சர்ச்சு குரூப்பு, தெரு குரூப்பு, பார்லர்காரங்க குரூப்பு, எங்க சொந்தக்காரங்க குரூப்பு. நல்லதுக்குத்தானம்மா? நான் எழுதல, வந்தத அனுப்புனேன், அவ்ளோதான். வீட்டுக் கோன்னு வாசிக்கும்போது முஃபீதா ஞாபகம் வரலையான்னு நீங்க கேப்பீங்க. வந்துச்சு. வராம இருக்குமா? ஆனா அவ பேரு அதுல இல்லையேம்மா.

பேரு சாயந்தரம் வந்துட்டு. தெரு குரூப்புல ஒருத்தி கேக்கா, "செல்வி பார்லர்ல உக்காந்திருக்காளே, அந்தப் பிள்ளையா?"ன்னு. இன்னொருத்தி "ஆமா, அவளாத்தான் இருக்கும்"ங்கா. மூணாவது ஒருத்தி, "அவங்க வேணும்னே கலந்து குடுக்காங்களாம்"னு போடுதா. 'அவங்க'ன்னா யாருன்னு உங்களுக்கே புரியும். இருபது வருசமா ஒரே குழாய்ல தண்ணி பிடிச்ச தெரும்மா இது.

மறுநாள்ல இருந்து போனு மேல போனு. பதினாலு கல்யாணத்துக்குச் சொல்லி வச்சிருந்தாங்க அவள. பன்னெண்டு பேரு வேண்டாம்னுட்டாங்க. ஒருத்தி இவ வீட்டுக்கே போயி, வாங்கி வச்ச கோன வாசல்ல வீசிட்டு வந்திருக்கா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அவள உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, "பிள்ள, ஒரு ரெண்டு வாரம் நீ இங்க வராத. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. தானா அடங்கிரும்"னேன். எவ்ளோ பக்குவமா சொன்னேன் பாருங்க. அவ டீயத் தொடல. பைய எடுத்துக்கிட்டு, "சரிக்கா"ன்னு போயிட்டா.

இந்தப் பக்கம் திரும்புங்க. அடுத்த புருவம்.

நாலு நாள் கழிச்சு, மத்தியானம், ஆள் இல்லாத நேரம், வந்து நிக்கா. அழுவான்னு பாத்தேன். அழல. "அக்கா, அந்தப் போட்டோ உங்க போன்ல இருக்கா? எடுங்க"ங்கா. எடுத்தேன். "அத அழுத்திப் பிடிங்க. தேடுன்னு வருதுல்லா, அதத் தொடுங்க"ங்கா. தொட்டேன். இதே படம் வரிசையா வந்து நிக்கும்மா! ஆறு வருசத்துக்கு முந்தின படம். ஏதோ குளிர் நாட்டு ஆஸ்பத்திரிக்காரங்க போட்டது. கொதிக்க எண்ணெய் கொட்டுன கையி. முழுப் படத்துல பின்னால சன்னல், சன்னலுக்கு வெளிய பனி குமிஞ்சு கிடக்கு. தூத்துக்குடியில என்னைக்கும்மா பனி பெய்ஞ்சுது? நமக்கு வந்ததுல அந்தச் சன்னல வெட்டி எடுத்திருக்காங்க.

"அடிப்பாவி, யாரு செஞ்ச வேலை இது!"ன்னு எனக்குக் கோவம் வந்துட்டு. அப்பமே தெரு குரூப்புல போட்டேன், "படம் பொய், வெளிநாட்டுப் படம், முஃபீதா மேல ஒரு தப்பும் இல்ல"ன்னு. ஒரு குரூப்புலதான் போட்டேன். மத்த மூணுலயும் எதுக்கு? நாமளே அனுப்பிட்டு நாமளே பொய்யின்னா ஒரு மாதிரி இருக்கும்லா.

எத்தன பேரு பாத்தாங்க தெரியுமா? எல்லாரும் பாத்தாங்க. எத்தன பேரு அடுத்தவங்களுக்கு அனுப்புனாங்க? ஒருத்தர் இல்ல. கை வெந்த படம் காத்தாப் பறந்துச்சு, இது கல்லு மாதிரி கிடக்கு. அதோட ஒருத்தி எழுதுதா, "படம் பொய்யா இருக்கட்டும். நம்ம ஊர்ல ஒரு பிள்ளைக்குக் கை வெந்தது நெசந்தான, விசாரிச்சுட்டுத்தான் சொல்லுதேன்"னு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. அதச் சொல்லவும் செஞ்சேன், "நெருப்பில்லாம எங்க பிள்ள புகையும்?"னு இல்ல, வேற ஏதோ வார்த்தையில, அந்த மாதிரிதான்.

முஃபீதா என்னப் பாத்து, "அப்ப அந்தப் பிள்ளையத் தேடுவோம்க்கா. உங்களுக்கு யாரு அனுப்புனா?"ன்னா.

"டெய்சி."

"டெய்சிக்கா கிட்ட, அவங்களுக்கு யாரு அனுப்புனான்னு கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. சண்டை போடாதீங்க, சும்மா கேளுங்க."

டெய்சிக்குப் போட்டேன். "எங்க நாத்தனார், கோவில்பட்டியில இருக்கால்லா, அவதான் அனுப்புனா. ஏன்க்கா, நல்ல விசயந்தான?"ங்கா. நம்பர் வாங்கி நாத்தனாருக்குப் போட்டேன். அவ பெரிய இடம் போல, "நீங்க யாரு, எதுக்குக் கேக்கீங்க"ன்னு முந்நூறு கேள்வி. கடைசியில, "எங்கூடப் படிச்ச சொர்ணம் அனுப்புனா. டீச்சரா இருக்கா. டீச்சர் பொய்யா சொல்லுவா?"ன்னா. சொர்ணம் டீச்சர் நம்ம ஊருதான். எனக்கே தெரியும், மூணாவது தெரு.

டீச்சர்ட்ட கேட்டா, அந்தம்மா நல்ல மனுசி, மறைக்கல. "படம் ஏதோ ஒரு குரூப்புல வந்துச்சு செல்வி. கீழ ஒண்ணும் எழுதல. அந்த வாரந்தான் நம்ம ஊர்ல ஒரு பிள்ளைக்கு வீட்டுக் கோன் போட்டு கை சிவந்து போச்சுன்னு கேள்விப்பட்டேன். இது அந்தக் கையாத்தான் இருக்கும்னு நானே ரெண்டையும் சேத்து எழுதுனேன். பிள்ளைகளுக்கு ஆகுமேன்னு ஒரு பதட்டம். தப்பா?"ங்காங்க.

முஃபீதா போன்கிட்ட குனிஞ்சு, "டீச்சர், சன்னல வெட்டுனது நீங்களா?"ன்னா.

"எந்தச் சன்னல்? எனக்கு வரும்போதே அப்படித்தான் வந்துச்சு."

"சரி டீச்சர். கை சிவந்துச்சுன்னு யாரு சொன்னா?"

"எசக்கியம்மா சொன்னா."

எசக்கியம்மா நம்ம வாடிக்கை. மாசம் பொறந்தா இந்த நாற்காலியில வந்து உக்காந்துருவா. சிரிச்சுக்கிட்டே அவளுக்குப் போட்டேன். "ஏ எசக்கி, கோன் போட்டு கை சிவந்த பிள்ளை யாருட்டி? உனக்கு யாரு சொன்னா?"

அவ என்னைய விட சத்தமாச் சிரிக்கா. "என்னக்கா இப்படிக் கேக்கீங்க? நீங்கதான சொன்னீங்க!"

"நானா?"

"நான் உள்ள வரும்போது ஒரு பிள்ளை கை சிவந்து போயி வெளிய போச்சுல்லா. என்னக்கா ஆச்சுன்னு கேட்டேன். 'எங்கயாவது வீட்ல செஞ்ச கோன வாங்கிப் போட்டிருப்பா, இந்தக் காலத்துல யார நம்ப முடியுது'ன்னு நீங்கதான சொன்னீங்க. புருவம் எடுத்துக்கிட்டே சொன்னீங்க. மறந்துட்டீங்களா?"

ஸ்பீக்கர்ல இருக்கும்மா. இந்தா, இங்க நான், அந்தா, அங்ஙன முஃபீதா.

தண்ணி குடிக்கீங்களா? வேண்டாமா? சரி, நான் குடிச்சிக்கிடுதேன்.

அந்தக் கை எப்படிச் சிவந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா? நீங்க கேக்காட்டாலும் அவ கேட்டா. "அக்கா, அந்தப் பிள்ளை மெஹந்தி போட்டிருந்துச்சா?"ன்னு. இல்லம்மா. கையில முடி எடுக்க, வேக்சிங்குக்கு வந்த பிள்ளை. மெழுகு ஒரு சொட்டு சூடு கூடிப் போச்சு. அன்னைக்குக் கரண்டு விட்டு விட்டு வந்துச்சு, மெஷின்ல சூடு சரியாத் தெரியல. கற்றாழை தடவி, ஐஸ் வச்சு, பதமாத்தான் அனுப்புனேன். அந்தப் பிள்ளை வெளிய போக, எசக்கி உள்ள வாரா, என்னன்னு கேக்கா. நான் என்னம்மா சொல்ல? 'நான் சுட்டுட்டேன்'னா சொல்ல முடியும்? வாயில வந்தது அது. டாக்டரம்மா வீட்டு விசயம் வேற அந்த வாரந்தான் நடந்துச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. இருக்கலாம். எனக்குத் தெரியல.

முஃபீதா கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவ கத்தல. போன என் பக்கம் தள்ளி வச்சு, "சொல்லுங்கக்கா. உங்க குரல்ல சொல்லுங்க"ன்னா.

எடுத்துச் சொன்னேன். "எல்லாருக்கும் வணக்கம், நான் செல்வி பேசுதேன். கை சிவந்தது மெஹந்தியால இல்ல, வேற ஏதோ காரணத்தால. யாரும் பயப்பட வேண்டாம்"னு பதிவு பண்ணி அவகிட்டக் குடுத்தேன். கேட்டா. போன மேசை மேல வச்சா.

"வேற ஏதோ காரணம்னா, நாளைக்கு அந்த 'ஏதோ'வுக்கு வேற ஒருத்தர் பேர வைப்பாங்கக்கா."

"முழுசா சொன்னா என் கடை போயிரும் பிள்ள!"

"என் கடை போயிட்டுலாக்கா."

அவ்ளோதான் சொன்னா. பத்தொம்பது வருசமா பேசிப் பேசியே கடை நடத்துனவ நான்.

மறுபடி எடுத்தேன். மூணு தடவை அழிச்சு அழிச்சு எடுத்தேன். "நான் ஜெபசெல்வி. அந்தப் பிள்ளை கையச் சுட்டது என் மெழுகு. பழிய நான்தான் கோன் மேல போட்டேன். அது சுத்தி வந்து எனக்கே திரும்ப வந்துச்சு, நானே நாலு குரூப்புக்கு அனுப்புனேன். முஃபீதா மேல ஒரு குத்தமும் இல்ல. மன்னிச்சிருங்க." நாலு குரூப்புக்கும் அனுப்புனேன். அப்புறம் எசக்கி, டீச்சர், நாத்தனார், டெய்சி, நாலு பேருக்கும் தனித்தனியா அனுப்பி, "அந்தச் சேதிய யாரு யாருக்கு அனுப்புனீங்களோ அவங்களுக்கெல்லாம் இதையும் அனுப்புங்க"ன்னு கேட்டோம். எசக்கி அழுதுட்டா. டெய்சி அனுப்புனா. டீச்சர் அதோட தன் குரலையும் சேத்து, "படத்தச் சேத்தது நான்"னு சொல்லி அனுப்புனாங்க. கோவில்பட்டி நாத்தனார் மட்டும் மாட்டேன்னுட்டா. "முன்னப் பின்னத் தெரியாதவங்க குரலையெல்லாம் நான் யாருக்கும் அனுப்புறது இல்ல"ன்னுட்டா! இப்பப் போயி அவளுக்கு ஜாக்கிரதை வந்துட்டு பாத்தீங்களா?

அது போதும்னு நினைச்சேன். போதல. குரல கேட்டவங்களும் "அப்படியும் இருக்கலாம், எதுக்கும் கடையில வாங்குத கோனே போடுவோம்"ங்காங்க. அப்பதான் எனக்கு ஒரு வேகம் வந்துச்சு. சனிக்கிழமை அவ வீட்டுக்கே போனேன். "போடு பிள்ள"ன்னு ரெண்டு கையையும் நீட்டுனேன். எங்க வழக்கத்துல கல்யாணத்துக்கே மெஹந்தி அவ்ளோவாக் கிடையாது. ஐம்பத்திரண்டு வயசுல முழங்கை வரைக்கும் கொடியும் பூவுமா போட்டுக்கிட்டு வந்து நிக்கேன், எங்க வீட்டுக்காரரு கதவத் திறந்துட்டு, "யாரு வேணும்?"னு கேட்டாரு பாத்துக்கிடுங்க.

மறுநாள் சர்ச்சுக்கு அப்படியே போனேன். பாட்டுப் புத்தகத்த உயரத் தூக்கிப் பிடிச்சேன், எல்லாருக்கும் தெரியட்டும்னு. போதகரை எங்க சபையில ஐயர்னு சொல்லுவோம், அவரு வீட்டம்மா ஐயரம்மா. ஆராதனை முடிஞ்சு வெளிய வந்ததும் ஐயரம்மா என் கையப் பிடிச்சாங்க. "செல்வி, இது என்ன கோலம்?"

"சாட்சி ஐயரம்மா"ன்னேன். "வெந்திருக்கா, தடிச்சிருக்கா, தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பாத்தாங்க. சுத்தி நின்ன பொம்பளைக எல்லாம் தொட்டுப் பாத்தாங்க. மோந்து பாத்தாங்க. ஒருத்தி, "நல்லாச் சிவந்திருக்கே, யாருட்டப் போட்டீங்க?"ன்னா. நான் முஃபீதா நம்பரச் சொன்னேன். படம் பாத்து நம்புனவங்க கையப் பாத்து நம்புனாங்க. முஃபீதா ஒரு விசயம் சொல்லிவிட்டிருந்தா, அதையும் சொன்னேன்: "கறுப்பா உடனே பிடிக்குதுன்னு விக்காங்கள்லா சில கோன், அதுல மருந்து கலந்திருக்கும், அது சில பேருக்கு ஒத்துக்கிடாது. எதுவானாலும் முந்தின நாளு ஒரு பொட்டு வச்சுப் பாத்துக்கிடுங்க"ன்னு. தன் சரக்கு விக்கணும்கதுக்காக எல்லாக் கோனும் நல்லதுன்னு அவ சொல்லல பாருங்க.

பன்னெண்டுல ஏழு கல்யாணம் அவகிட்டத் திரும்பி வந்துச்சு. அஞ்சு வரல. கோன வீசுன அந்தம்மா கடைசி வரைக்கும் வரல. எனக்கும் ரெண்டு மாசம் வேக்சிங்குக்கு ஒரு ஆளு வரல. மெழுகு சுட்ட அந்தப் பிள்ளையோட அம்மா வந்து வாசல்ல நின்னு திட்டிட்டுப் போனா. நின்னு கேட்டுக்கிட்டேன். இப்ப மெழுக முதல்ல என் கையில வச்சுப் பாத்துட்டுத்தான் அடுத்தவங்க கையில வைக்கேன்.

அவ மறுபடி இங்க வந்து உக்காரல. பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில ஒரு ரூம் பிடிச்சிருக்கா. இங்க இடம் பத்தாதுல்லா, அதான். நல்லா ஓடுது. ஒவ்வொரு மாசமும் பொம்பளைகளக் கூட்டி வச்சு, படத்த எப்படித் தேடுததுன்னு சொல்லிக் குடுக்கா. "யாரு பாத்தா, எப்ப நடந்துச்சு, உங்களுக்கு எப்படித் தெரியும்"னு கேக்கச் சொல்லுதா. நானும் போவேன். முன்வரிசையில உக்காந்துக்கிடுவேன். நம்ம கதையத்தான் முதல்ல சொல்லுவா. என் பேரச் சொல்ல மாட்டா, 'ஒரு அக்கா'ம்பா. நானே எந்திரிச்சு, "அது நான்தான்"னு சொல்லிருவேன்.

போன மாசம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காயல்பட்டினம். முந்தின நாளு அவளும் உம்மாவும் கடைக்கு வந்தாங்க. எத்தனையோ பார்லர் இருக்கு இந்த ஊர்ல. வந்து இந்த நாற்காலியில உக்காந்தா. புருவம் எடுத்தேன், முகத்துக்குப் பூசுனேன். உம்மா வெளிய பூ வாங்கப் போன நேரம் பாத்துக் கேட்டேன்.

"பிள்ள, அதெல்லாம் மறந்துட்டியா?"

கண்ண மூடியே இருந்தா. "மறந்துட்டேன்னு சொன்னா அது பொய்யாயிரும்க்கா"ன்னா. "வருத்தம் இருக்கு. ஆனா வந்திருக்கேன்லா."

அதுக்கு அப்புறம் நான் ஒண்ணும் பேசலம்மா. நம்புவீங்களா? அவ எந்திரிச்சுப் போற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.